ஜப்பானியர் நாவில் விளையாட்டு ஆங்கிலம்: குழப்பும் சொற்களைப் பிரித்துக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நேற்று எனக்கு ஒரு டெட் பால் கிடைத்தது. எங்கள் கிளப் மேனேஜர் ஓடிவந்து ஐஸ் வைத்தார்" என்று ஜப்பானிய மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இலக்கணம் சரி. சொற்களும் ஆங்கிலச் சொற்களே. ஆனால் கேட்கும் அமெரிக்கர் மனத்தில் எழும் காட்சி வேறு. நடுவர் கை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டார், அணியை வழிநடத்தும் தலைநரைத்த பெரியவர் ஐஸ் பையோடு ஓடிவருகிறார் என்று அவர் புரிந்துகொள்வார். மாணவன் சொல்ல வந்ததோ, எதிரணி வீரர் எறிந்த பந்து தன் முதுகில் பட்டது, கிளப்பின் தண்ணீரையும் துண்டுகளையும் பார்த்துக்கொள்ளும் சக மாணவி வந்து ஐஸ் வைத்தாள் என்பதை. இருவரும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு பிரிந்துவிடுவார்கள். தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது.

ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக இருக்கும் தமிழர்கள், அங்கே மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியப் பொறியாளர்களோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். "என் ஆங்கிலத்தைக் கொஞ்சம் திருத்துங்களேன்" என்று அவர்கள் உங்களிடம் கேட்கும் நாள் வரும். அன்று பேச்சு பெரும்பாலும் விளையாட்டில்தான் தொடங்கும். வானிலைக்கு அடுத்தபடி யாரையும் புண்படுத்தாத பேச்சு அதுதானே.

முதல் படி: அவை ஜப்பானியச் சொற்கள் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்

பேஸ்பால் ஜப்பானுக்கு வந்தது 1872-இல். ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் தம் மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 1894-இல் சூமா கனாயே என்ற ஜப்பானியர் அதற்கு 'யக்யூ' என்று பெயர் வைத்தார். வெளியில் ஆடும் பந்து என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஹைக்கூ கவிஞர் மசாவோகா ஷிகி பந்தடிப்பவர், ஓடுபவர் போன்றவற்றுக்குச் சீன எழுத்துகளில் சொற்கள் அமைத்தார். அந்தப் பணிக்காக 2002-இல் அவரை ஜப்பானிய பேஸ்பால் புகழரங்கில் சேர்த்தார்கள். போர்க்காலத்தில், 1943-இல், எதிரியின் மொழி வேண்டாம் என்று ஆங்கிலச் சொற்களையே ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். பந்தடிப்பவர் அடிக்கத் தவறியதைக் குறிக்கும் 'ஸ்ட்ரைக்' என்பதற்கு 'யோஷி', சரியாக எறியப்படாத பந்தைக் குறிக்கும் 'பால்' என்பதற்கு 'தமே' என்று நடுவர்கள் கூவினார்கள். நல்லது, கூடாது என்று பொருள். போர் முடிந்ததும் ஆங்கில ஒலியுள்ள சொற்கள் திரும்பி வந்தன. வந்தவை அப்படியே நிற்கவில்லை. வெட்டப்பட்டன, ஒட்டப்பட்டன, புதிதாகப் பிறந்தும் கொண்டன.

அப்படிப் பிறந்தவற்றை ஜப்பானியர்கள் 'வசெய் எய்கோ' என்கிறார்கள். ஜப்பானில் செய்த ஆங்கிலம் என்பது பொருள். ஆகவே 'நைட்டா' என்று சொல்லும் மாணவனிடம் "இது தப்பு" என்று தொடங்காதீர்கள். இரவு ஆட்டத்துக்கு அவன் தாத்தாவும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். "இது உங்கள் சொல், நியூயார்க்கில் இதற்கு 'நைட் கேம்' என்பார்கள்" என்று சொன்னால் போதும். பொது இடத்தில் தவறு செய்யக் கூசுபவர்கள் ஜப்பானிய மாணவர்கள். ஒரு முறை சிரித்துவிட்டால் அடுத்த வாரம் வாயே திறக்கமாட்டார்கள்.

இரண்டாம் படி: சொற்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

ஜப்பானில் பள்ளி நாள்களில் பலர் 'புகட்சு' எனப்படும் கிளப் ஒன்றில் சேர்ந்து ஒரே விளையாட்டை வருடக்கணக்கில் ஆடுகிறார்கள். அந்த விளையாட்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஏராளம் உண்டு. ஐந்து நிமிடம் அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். விளையாட்டுச் சொற்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி: இதைக் கேட்கும் வெளிநாட்டவர் "என்ன சொன்னீர்கள்?" என்று திரும்பக் கேட்பாரா, அல்லது புரிந்ததாக நினைத்துத் தலையாட்டிவிடுவாரா?

திரும்பக் கேட்கவைக்கும் சொல்லால் பெரிய கேடு இல்லை. கேள்வி வந்ததும் மாணவரே விளக்கிவிடுவார், குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். தலையாட்டவைக்கும் சொல்தான் ஆபத்து, எனவே முதலில் திருத்தவேண்டியது அதைத்தான். மூன்றாவது குவியலில் ஒலிச் சிக்கல்கள் வரும். பல கையேடுகள் அகரவரிசையிலோ விளையாட்டு வரிசையிலோ சொற்களைக் கொட்டிவிடுகின்றன. அது மனப்பாடத்துக்கு உதவலாம், பேச்சுக்கு உதவாது.

மூன்றாம் படி: தலையாட்டவைக்கும் சொற்களை முதலில் எடுங்கள்

'டெட் பால்' இதில் தலையாயது. ஜப்பானில் இது பந்தெறிபவர் எறிந்த பந்து பேட்டரின் உடலில் படுவது. ஆங்கிலத்தில் ஆட்டத்தில் இல்லாத பந்து. கிரிக்கெட் பார்க்கும் நமக்கும் அந்த இரண்டாவது பொருள்தான் தெரியும். 'ஹிட் பை பிட்ச்' என்பது சரியான வழக்கு. 'பந்து பட்டது' என்று முழு வாக்கியமாகச் சொல்லவைப்பது இன்னும் நல்லது. கூடவே 'ஃபோவா போரு'வையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மோசமான பந்துகளுக்குப் பிறகு நடந்தே முதல் தளத்துக்குப் போவதற்கு ஆங்கிலத்தில் 'வாக்' என்று பெயர். ஜப்பானிய எழுத்தில் இவ்விரண்டையும் 'ஷிக்யூ' என்றே படிக்கிறார்கள். ஒன்று நான்கு பந்து, மற்றது மரணப் பந்து. எழுத்து வேறு, காதில் விழுவது ஒன்று. பேச்சில் ஆங்கில ஒலியுள்ள சொற்கள் அங்கே எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டன என்பது இதிலிருந்து விளங்கும்.

'மேனேஜர்' அடுத்தது. பள்ளி கிளப்பில் 'மனேஜா' என்றால் தண்ணீர் நிரப்பி, ஓட்டக் கணக்கு எழுதி, துணி துவைக்கும் மாணவர், பெரும்பாலும் மாணவி. அமெரிக்க பேஸ்பாலிலும் ஐரோப்பியக் கால்பந்திலும் மேனேஜர் என்றால் அணியின் தலைமைப் பயிற்சியாளர். "உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் பேஸ்பால் மேனேஜராக இருந்தேன்" என்று ஒரு பெண் வேலைக்கான நேர்காணலில் சொன்னால், எதிரே இருப்பவர் வியந்துபோவார். வியப்பு நல்லதுதான், ஆனால் அடுத்த கேள்வி ஆட்ட உத்தி பற்றி வரும். அமெரிக்கப் பள்ளிகளிலும் இதே வேலையைச் செய்யும் மாணவர்கள் உண்டு. அவர்களை 'ஸ்டூடன்ட் மேனேஜர்' என்பார்கள். ஒரு சொல்லை முன்னால் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

உடைகளில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. 'டொரேனா' என்பது ஜப்பானில் முழுக்கைப் பருத்தி மேல்சட்டை, அதாவது 'ஸ்வெட்ஷர்ட்'. "ட்ரெயினர் போட்டுக்கொண்டு வந்தேன்" என்றால் லண்டன்காரர் காலணியைப் பார்ப்பார். அமெரிக்கருக்கோ அது உடற்பயிற்சி சொல்லித்தரும் ஆள். 'ஜாஜி' என்பது காற்சட்டையும் சேர்ந்த பயிற்சி உடை. ஆங்கிலத்தில் 'ட்ராக்சூட்'. 'ஜெர்சி' என்றால் அணியின் மேல்சட்டை மட்டும், எனவே "ஜெர்சியில் ஓடினேன்" என்பது கீழே என்ன அணிந்தார் என்ற கேள்வியை விட்டுவைக்கிறது. மூன்றாவது 'சபோட்டா'. நமக்கு அந்த ஒலியைக் கேட்டதும் பழம் நினைவுக்கு வரும். அங்கே அதற்கு இரண்டு பொருள்: கால்பந்து அணியின் ரசிகர், முழங்காலில் மாட்டும் பட்டை. பின்னதை ஆங்கிலத்தில் 'பிரேஸ்' என்று சொல்லவேண்டும். "எனக்கு முழங்காலில் ஒரு சப்போர்ட்டர் இருக்கிறார்" என்ற வாக்கியத்தை மாணவரிடமே கொடுத்து என்ன காட்சி தெரிகிறது என்று கேளுங்கள். அவரே சிரிப்பார், பிறகு மறக்கமாட்டார்.

'மரசொன்' விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் குளிர்காலத்தில் நடக்கும் சில கிலோமீட்டர் ஓட்டமும் மரசொன்தான். "எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு ஆண்டும் மாரத்தான் ஓடினோம்" என்பது ஆங்கிலத்தில் 42.195 கிலோமீட்டர் ஓடிய குழந்தைகளைப் பற்றிய செய்தி. 'லாங் டிஸ்டன்ஸ் ரன்' என்று சொல்லச் சொல்லுங்கள், தூரத்தையும் கூடவே சொல்லச் சொல்லுங்கள்.

டென்னிஸில் 'ஹார்ட் டென்னிஸ்' என்று ஒன்றைச் சொல்வார்கள். ரப்பர் பந்தில் ஆடும் மென்பந்து டென்னிஸ் ஜப்பானில் வளர்ந்த தனி விளையாட்டு. அதிலிருந்து பிரித்துக்காட்ட வழக்கமான டென்னிஸை 'கோஷிகி', கெட்டியான வகை, என்கிறார்கள். வெளிநாட்டில் அது வெறும் டென்னிஸ். விளக்கம் தேவைப்படுவது மென்பந்து வகைக்குத்தான். பேஸ்பாலிலும் இதே பிரிவு உண்டு. அங்கே 'நன்ஷிகி' என்பதை 'சாஃப்ட்பால்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். சாஃப்ட்பால் வேறு விளையாட்டு, அளவும் விதியும் வேறு. 'ரப்பர் பந்தில் ஆடும் பேஸ்பால்' என்று நீட்டிச் சொல்வதே வழி.

'பரே' என்றால் வாலிபால். எழுத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும், நடனமான பாலேவும் காதுக்கு அதேதான். பாதிச் சொல்லோடு நிறுத்தும் ஜப்பானிய வழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்து 'பரே' ஆடுகிறேன் என்று உயரமான இளைஞர் சொல்லும்போது, கேட்பவர் அவர் மேடையில் சுழல்வதைக் கற்பனை செய்துகொள்வார். முழுச் சொல்லையும் சொல்லவையுங்கள். பாஸ்கெட்பாலுக்கும் இதுவே பொருந்தும்.

உற்சாகக் கூச்சல்களில் ஒன்றை மட்டும் உடனே திருத்தியாகவேண்டும். 'ஃபாய்டோ!' என்பது ஜப்பானில் 'விடாதே, முன்னேறு'. ஆங்கிலம் பேசும் ஊரில் கூட்டத்தின் நடுவே 'ஃபைட்' என்று கத்தினால், எங்கே அடிதடி என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். 'கோ ஃபார் இட்' என்று மாற்றிக்கொடுங்கள்.

'ரிபென்ஜி' என்ற சொல்லைப் பந்தெறியும் வீரர் மட்சுசாகா தைசுகே 1999-இல் நாடெங்கும் புழங்கவைத்தார். அவ்வாண்டின் புதுச்சொல் விருதும் அதற்குக் கிடைத்தது. தோற்ற இடத்தில் மறுபடியும் முயன்று வெல்வது என்ற நல்ல பொருள் அங்கே. ஆங்கிலத்தில் அது பழிவாங்கல். "தேர்வில் தோற்றுவிட்டேன், அடுத்த வருடம் ரிவெஞ்ச்" என்றால் தேர்வாளருக்கு நடுக்கம் வரலாம். 'சாரென்ஜி'யும் இந்த இனம். 'மாரத்தானை சேலஞ்ச் செய்வேன்' என்பதற்குப் பதிலாக 'முயல்வேன்' என்ற பொருள் தரும் 'ட்ரை' போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நடுவர் தீர்ப்பை வீடியோவில் மறுபடி பார்க்கக் கோருவதை அமெரிக்க மேஜர் லீக்கில் 'சேலஞ்ச்' என்கிறார்கள். ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பால் 2018-இல் அதே வசதியைக் கொண்டுவந்தபோது 'ரிக்வெஸ்ட்' என்று பெயரிட்டது. நடுவரை எதிர்ப்பதைவிடக் கேட்டுக்கொள்வது அங்கே இயல்பு போலும்.

இன்னும் இரண்டு. வீரரிடம் கையெழுத்து வேண்டும்போது 'சைன்' என்று கேட்கிறார்கள். 'ஆட்டோகிராஃப்' என்பதே சொல். கோல்ஃபில் 'ஓபி' என்றால் எல்லைக்கு வெளியே போன பந்து, கல்லூரிப் பேச்சில் 'ஓபி' என்றால் பழைய மாணவர். ஒரே மாலைப் பேச்சில் இரண்டும் வரும்.

நான்காம் படி: திரும்பக் கேட்கவைக்கும் சொற்களை வேகமாக முடியுங்கள்

இந்தக் குவியல் பெரியது. ஆனால் பாடம் சுருக்கமானது. 'சயோனரா ஹோம் ரன்' என்பது ஆட்டத்தையே முடித்துவைக்கும் அடி, ஆங்கிலத்தில் 'வாக்-ஆஃப்'. பந்து வேலியைத் தாண்டாமலே ஓடி எடுக்கும் 'ரன்னிங் ஹோம் ரன்' ஆங்கிலத்தில் 'இன்சைட் த பார்க் ஹோம் ரன்'. ஒரே பந்தில் இருவரை ஆட்டமிழக்கச் செய்யும் 'கெட் டூ' என்றால் 'டபுள் ப்ளே'. 'கேச் பால்' செய்வோம் என்றால் 'ப்ளே கேச்'. உள்ளங்கை தட்டும் 'ஹைடச்சி' 'ஹை ஃபைவ்' ஆகிறது. ஓட்டத்தை முடிப்பதற்கு 'கோல் இன்' என்பார்கள், அங்கே திருமணம் முடிவதற்கும் அதேதான். ஆங்கிலத்தில் 'ஃபினிஷ்'. 'சீசன் ஆஃப்' என்பதைத் திருப்பிப் போட்டு 'ஆஃப் சீசன்' என்றால் சரி.

கால்பந்தில் 'ரொஸு டைமு' என்று வயதானவர்கள் சொல்லக் கேட்பீர்கள். இடையில் வீணான நேரத்தை ஈடுகட்டும் நிமிடங்கள் அவை. ஜப்பான் கால்பந்துச் சங்கம் 2010-இல் 'அடிஷனல் டைம்' என்ற சொல்லுக்கு மாறியது. இளையவர்களிடம் இச்சிக்கல் குறைவு. பக்கவாட்டிலிருந்து கோல் முன்னே பந்தை அனுப்பும் 'சென்டரிங்' இன்னும் இருக்கிறது, அதைக் 'கிராஸ்' என்று மாற்றிக்கொடுங்கள்.

ரக்பியின் 'நோ சைடு' மட்டும் வேறு கதை. ஆட்டம் முடிந்ததும் எதிரணி என்று ஒன்று இல்லை என்ற பொருளில் ஜப்பானியர்கள் இதைப் போற்றுகிறார்கள். 2019 உலகக் கோப்பை அங்கே நடந்தபோதும் இச்சொல் அடிபட்டது. இது அவர்கள் உருவாக்கியதன்று, ஆங்கிலத்திலேயே முன்பு இருந்து வழக்கொழிந்த சொல். ஆங்கிலேயர் மறந்ததை ஜப்பானியர் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் 'ஃபுல் டைம்' என்று சொல்லிக்கொடுங்கள், ஆனால் இந்த வரலாற்றையும் சொல்லுங்கள். மாணவர் முகம் மலரும்.

வெளிநாட்டு விருந்தினரோடு கோல்ஃப் ஆடும் அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று அடியில் பந்தைக் குழியில் போடவேண்டிய 'ஷார்ட் ஹோல்' என்பது 'பார் த்ரீ', ஐந்து அடிக்கான 'லாங் ஹோல்' என்பது 'பார் ஃபைவ்'. காற்று பின்னாலிருந்து வீசினால் 'ஃபாலோ', முன்னாலிருந்து வீசினால் 'அகெய்ன்ஸ்ட்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டெயில்விண்ட்', 'ஹெட்விண்ட்'. கொடிக்கு மிக அருகில் பந்தை வைத்தவருக்கான பரிசை 'நியாபின்' என்பார்கள், ஆங்கிலத்தில் 'க்ளோசஸ்ட் டு த பின்'.

ஐந்தாம் படி: ஒரு ஜப்பானியச் சொல் பலவாகப் பிரியும் இடங்கள்

என் கணிப்பில் இதுதான் கடினமான படி. இங்கே ஆங்கில ஒலியுள்ள சொல் எதுவும் இல்லை, அதனால் மாணவருக்குச் சந்தேகமே வராது.

'சென்ஷு' என்றால் எந்த விளையாட்டிலும் போட்டியிடுபவர். அகராதியைப் பார்த்து 'ப்ளேயர்' என்று பெயர்த்துவிட்டு, 'ஸ்விம்மிங் ப்ளேயர்', 'ஸ்கீ ப்ளேயர்', 'ஜூடோ ப்ளேயர்' என்று அடுக்குவார்கள். பந்தோ மட்டையோ கொண்டு எதிராளியோடு ஆடுபவர்தான் ப்ளேயர். நீந்துபவர் 'ஸ்விம்மர்', சறுக்குபவர் 'ஸ்கீயர்', ஓடுபவர் 'ரன்னர்'. பொதுவாகச் சொல்ல 'அத்லெட்' கைகொடுக்கும்.

வினைச்சொல்லிலும் இதே சிக்கல். ஜப்பானியத்தில் 'சுரு' என்ற ஒரே வினை எல்லா விளையாட்டையும் தாங்கிவிடும். ஆங்கிலத்தில் மூன்று வினை வேண்டும். பந்து விளையாட்டுகளுக்கும், வெற்றி தோல்வி எண்ணும் ஆட்டங்களுக்கும் 'ப்ளே'. 'இங்' என்று முடியும் நீச்சல், பனிச்சறுக்கு, மீன்பிடித்தல் போன்றவற்றுக்கு 'கோ'. ஜூடோ, யோகா, கராத்தே, ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றுக்கு 'டு'. இந்த விதியில் சில விலக்குகள் உண்டு. குத்துச்சண்டை 'இங்' என்று முடிந்தாலும் பயில்பவர் 'கோ' சொல்வதில்லை. விலக்குகளை இப்போது எடுக்காதீர்கள், பத்தில் ஒன்பது இடத்தில் விதி காப்பாற்றும்.

'ஷியாய்' என்பதும் பிரியும். பேஸ்பாலும் பாஸ்கெட்பாலும் 'கேம்', டென்னிஸும் கிரிக்கெட்டும் 'மேட்ச்', குத்துச்சண்டை 'பவுட்', நீச்சலும் தடகளமும் 'மீட்'. இதில் தமிழருக்கும் ஒரு பங்கு இருக்கிறது: நாம் எல்லாவற்றையும் 'மேட்ச்' என்றுவிடுகிறோம்.

வாலிபால் மாணவர்களிடம் 'ரெசீபு'வை எடுங்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பெண்கள் அணியை 'கிழக்கின் சூனியக்காரிகள்' என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். உருண்டு விழுந்து பந்தை எடுக்கும் அவர்களுடைய 'ரெசீபு' புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் சர்வீஸை எடுப்பது 'பாஸ்', அடித்த பந்தைத் தரைக்கு மேல் காப்பாற்றுவது 'டிக்'. அதேபோல் சக வீரர் அடிப்பதற்காகப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் 'டொஸு' என்பது ஆங்கிலத்தில் 'செட்'. இதை நினைவில் வைக்க மாணவரிடமே சாவி இருக்கிறது. அதைச் செய்யும் ஆளை ஜப்பானியத்திலும் 'செட்டர்' என்றுதான் சொல்கிறார்கள். செட்டர் செய்வது செட்.

'ஹிகிவகே' என்ற சமநிலை முடிவுக்கு அமெரிக்கர் 'டை' என்பார்கள், கால்பந்து பேசும் ஆங்கிலேயர் 'டிரா' என்பார்கள். ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் 12 இன்னிங்குக்குப் பிறகும் சமமாக இருந்தால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே அவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும் சொல்.

ஆறாம் படி: காதைப் பழக்குங்கள்

அயல்மொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்தில் ஆங்கிலத்தின் பல ஒலிகள் ஒன்றாகிவிடுகின்றன. 'ஃபர்ஸ்ட்', 'ஃபாஸ்ட்' இரண்டும் ஒன்று. 'த்ரோ', 'ஸ்லோ' ஒன்று. 'க்ளவ்' பெரும்பாலும் 'குரோபு' ஆகிப் பூமி உருண்டையான 'க்ளோப்' உடன் சேர்ந்துவிடுகிறது. ஆடும் 'கோர்ட்'டும் அணியும் 'கோட்'டும், ஓடும் 'ட்ராக்'கும் ஓட்டும் 'டிரக்'கும், ரசிகரான 'ஃபேன்'னும் வேடிக்கையான 'ஃபன்'னும் ஒரே எழுத்து. 'ப்ளே' சொல்லப்போய் 'ப்ரே' ஆகி, ஆடுவதற்குப் பதிலாகப் பிரார்த்திப்பார்கள்.

இவற்றைச் சோடி சோடியாகப் பலகையில் எழுதித் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது சலிப்பு. அதைவிட, கேட்டதும் உடலால் செய்யவையுங்கள். 'த்ரோ' என்றால் பந்தை எறியவேண்டும், 'ஸ்லோ' என்றால் மெல்ல நடக்கவேண்டும். 'ட்ராக்' என்றால் தரையைக் காட்டவேண்டும், 'டிரக்' என்றால் ஸ்டியரிங் பிடிக்கவேண்டும். பிறகு இடம் மாறி மாணவர் கட்டளையிடட்டும், நீங்கள் செய்யுங்கள். அவர் 'த்ரோ' என்று நினைத்துச் சொல்லி நீங்கள் மெல்ல நடந்தால், உச்சரிப்பு எங்கே சறுக்கியது என்பது விளக்கமில்லாமலே புரியும்.

ர, ற, ல, ள, ழ என்று பிரித்துப் பழகிய நாக்கு நம்முடையது என்பதால் 'ர', 'ல' வேறுபாட்டைத் தமிழர் தெளிவாகச் சொல்லிக்காட்ட முடியும். மற்ற இடத்தில் அவ்வளவு மார்தட்ட வேண்டாம். சொல்லின் கடைசியில் உகரம் சேர்த்து 'பஸ்ஸு', 'கப்பு' என்று இழுப்பது நமக்கும் உண்டு. ஜப்பானிய மாணவரின் 'பட்டோ'வைத் திருத்தும்போது உங்கள் 'பேட்டு' அவர் காதில் விழுந்துவிடக்கூடாது. எழுத்திலும் அப்படித்தான்: 'பால்' என்று தமிழில் எழுதினால் அது பந்தா, பசு கொடுத்ததா என்று நாமே அடுத்த சொல்லைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஏழாம் படி: உங்கள் கிரிக்கெட் ஆங்கிலத்தை வாசலிலேயே நிறுத்துங்கள்

இது மாணவருக்கான படி அன்று, ஆசிரியருக்கானது. கிரிக்கெட்டில் ஒன்றானாலும் 'இன்னிங்ஸ்'. பேஸ்பாலில் ஒன்று என்றால் 'இன்னிங்', பல என்றால்தான் 'இன்னிங்ஸ்'. கிரிக்கெட்டில் 'பிட்ச்' என்பது தரை, பேஸ்பாலில் அது எறிதல். இங்கே பௌலர், அங்கே பிட்சர். 'டிரா' என்றால் நமக்கு நேரம் முடிந்து முடிவில்லாமல் போன டெஸ்ட், 'டை' என்றால் ஓட்டங்கள் சமம். இந்த வேறுபாட்டைப் பேஸ்பால் ரசிகரிடம் விளக்கத் தொடங்கினால் வகுப்பு முடிந்துவிடும். நல்ல செய்தி ஒன்று: கிரிக்கெட் விதிகளும் 2021-இல் 'பேட்ஸ்மேன்' என்பதை விட்டு 'பேட்டர்' என்று மாறிவிட்டன, அந்த ஒரு சொல்லில் இருவருக்கும் சண்டை இல்லை.

நீங்களும் மாணவரும் ஒரே மாதிரி தவறும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. விளையாடும் இடத்தை அவர்கள் 'குராவுண்டோ' என்கிறார்கள், நாம் 'கிரவுண்ட்' என்கிறோம். அமெரிக்கருக்கு அது 'ஃபீல்ட்'. பூப்பந்தின் இறகுப் பந்தை இருவரும் 'ஷட்டில்' என்றுவிடுகிறோம். அமெரிக்காவில் விமான நிலையத்துக்குப் போகும் சிறு பஸ்தான் முதலில் நினைவுக்கு வரும், பந்துக்கு 'பர்டி' என்ற சொல் உண்டு. இப்படி இருவரும் ஒத்துப்போகும்போது வகுப்பில் யாருக்கும் உறுத்தாது. கால்பந்தை 'சாக்கர்' என்பதா 'ஃபுட்பால்' என்பதா என்று கேட்டால், யாரோடு பேசப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். லண்டனுக்கு ஒன்று, சிகாகோவுக்கு ஒன்று.

எட்டாம் படி: ஒரே ஆட்டத்தை இரண்டு மொழியில் கேட்கவையுங்கள்

சொற்கள் பிடிபட்டதும் இந்தப் பயிற்சிக்கு வாருங்கள். அமெரிக்க மேஜர் லீக்கில் ஆடும் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஓதானியின் ஆட்டங்கள் இதற்கு வசதி. 2024-இல் அவர் 54 ஹோம் ரன்களும் 59 தளத் திருட்டுகளும் எடுத்த பருவத்தின் காட்சிகள் ஜப்பானிய வர்ணனையிலும் ஆங்கில வர்ணனையிலும் கிடைக்கின்றன. ஒரு நிமிடக் காட்சி போதும். முதலில் ஜப்பானிய வர்ணனை. அதில் வரும் ஆங்கில ஒலியுள்ள சொற்களை மாணவர் எழுதட்டும். பிறகு அதே காட்சி ஆங்கில வர்ணனையில். எந்தச் சொல் அப்படியே வந்தது, எது மாறியது, எது வரவே இல்லை என்று அவரே குறிக்கட்டும். நீங்கள் கொடுக்கும் பட்டியலைவிட அவர் தானே பிடித்த நான்கு சொற்கள் நெடுநாள் நிற்கும்.

இங்கே ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு குழப்பம் தலைகாட்டும். ஜப்பானில் பல தலைமுறைகளாக ஸ்ட்ரைக்கை முதலிலும் பாலைப் பின்னும் எண்ணினார்கள். இரண்டு ஸ்ட்ரைக், மூன்று பால் என்ற உச்சக்கட்டத்தை 'டூ த்ரீ' என்பார்கள். அமெரிக்காவில் பால் முதலில் வரும், ஆகவே 'த்ரீ அண்ட் டூ'. தொழில்முறை பேஸ்பால் 2010-இல் அமெரிக்க வரிசைக்கு மாறிவிட்டாலும் பழைய காதுகள் மாறவில்லை. ஆங்கில வர்ணனையாளர் 'டூ அண்ட் ஒன்' என்றதும் அவர்கள் ஸ்ட்ரைக் இரண்டு என்று பதறுவார்கள். திரையின் மூலையில் இருக்கும் எண்ணிக்கைப் பலகையைப் பார்த்தபடி கேட்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஆட்டங்களில் பழகிவிடும்.

வகுப்பு முடிந்து அவர்கள் தங்களுக்குள் ஆடப் போகும்போது 'டொன்மாய்' (கவலைப்படாதே), 'நைஸ் போரு' (நல்ல பந்து) என்று கத்திக்கொண்டால் திருத்தாதீர்கள். அங்கே ஆங்கிலம் பேசுபவர் யாரும் இல்லை. உங்களையும் ஆட அழைத்தால் பந்தைத் தவறவிட்டவரிடம் நீங்களும் 'டொன்மாய்' என்றே சொல்லுங்கள்.